ஆராய்ச்சி உலகின் செய்திகள்: மருமகளுக்கு ஒரு கடிதம்

நாகர்கோவில்

அன்புள்ள மருமகளுக்கு,

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டதையும், அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளில் வழங்கும் நிலவுடைமைச் சொற்களையே ஆய்வுப் பொருளாக வரித்துக்கொண்டதையும் எழுதியிருந்தாய், மிக்க சந்தோஷம். ஆனால் கடிதத்தின் இறுதியில், துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் கருத்தரங்க அழைப்புகளும் சுற்றறிக்கைகளும் நியமனச் செய்திகளும் வெறும் உத்தியோக ஆரவாரம் என்றும், அவற்றைப் படித்துக் காலத்தைப் போக்க மனமில்லை என்றும் எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதில். மருமக்களுக்கே சொத்து சேரும் மருமக்கள்வழி முறை சட்டத்தால் ஒழிந்து நெடுங்காலமாயிற்று எனினும், என் புத்தக அலமாரிகளுக்கு வாரிசு நீயே ஆகையால், இதைச் சொல்லும் பாத்தியதை எனக்கு உண்டு.

1964 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் புதுடில்லியில் கூடிய அகில உலகக் கீழ்த்திசை அறிஞர் மாநாட்டை எடுத்துக்கொள். பல மொழிகளையும் பல சமயங்களையும் பயில்வோர் பல தேசங்களிலிருந்தும் திரண்டிருந்த அப்பெருங்கூட்டத்தில், தமிழை ஆராய்வோர் ஆங்காங்கே சிதறியிருந்த சிலரே. அவர்களை ஓரிடத்தில் கூட்டியது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைவராயிருந்த சேவியர் தனிநாயக அடிகளும், நம் வடசேரியில் 1926 இல் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராயிருந்த வ.அய். சுப்பிரமணியமும் முன்னின்று விடுத்த ஓர் அழைப்புக் கடிதமேயாகும். அதன் பயனாக ஜனவரி 7 ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவராகவும், தனிநாயக அடிகளும் செக் நாட்டுக் கமில் சுவலபிலும் செயலாளர்களாகவும் அமைந்தனர். 1966 இல் கோலாலம்பூரிலும், 1968 இல் சென்னையிலும், 1970 இல் பாரிஸிலும் கூடிய மாநாடுகளின் ஊர்வலமும் தோரணமும் இன்று பலருக்கு நினைவிருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மூலமாயிருந்தது, அன்று மாநாட்டுப் பிரதிநிதிகளின் கைக்குக் கை மாறிய அந்தச் சிறு அழைப்புக் கடிதந்தான் என்பது யார் நினைவிலும் இல்லை. வெளிநாடுகளில் தமிழாராய்ச்சி எந்நிலையில் உள்ளது என்பதைப் பல தேசத்து அறிஞரைக் கொண்டு எழுதுவித்து அடிகளார் 1968 இல் ஒரு தொகுப்பு பிரசுரித்தார். யார் எங்கே எதைக் கற்பிக்கிறார், யார் எந்த நூலை ஆராய்கிறார் என்னும் செய்திகளுக்கு அதைப் போன்ற பொக்கிஷம் வேறில்லை.

வ.அய். சுப்பிரமணியத்துக்குச் செய்தியில் இருந்த சிரத்தை தனித்துச் சொல்லத் தக்கது. புறநானூற்றின் சொற்கள் அனைத்துக்கும் அகராதி நிரலில் அடைவு தொகுத்து 1962 இல் வெளியிட்ட அந்த மனிதர், 1971 இல் திராவிட மொழியியற் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். ஆயினும் ஆய்விதழ் மாத்திரம் போதும் என்று அவர் அமைதி கொள்ளவில்லை. கழகத்துக்கென ஒரு செய்தி மடலும் மாதந்தோறும் வெளிவந்தது. ஆய்விதழில் வருவது முடிந்த வேலை. அது அச்சேறி நம் கைக்கு வரும்போது எழுதியவர் வேறொரு பொருளுக்குப் போய்விட்டிருப்பார். செய்தி மடலில் வருவதோ நடந்துகொண்டிருக்கும் வேலை. மங்களூரில் ஒருவர் துளுவில் உறவுமுறைப் பெயர்களைத் தொகுக்கிறார் என்று இன்றைக்கே தெரிந்தால், நாளைக்கே அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம். 1981 இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக அவர் அமர்ந்தபோது, இந்தப் பழக்கம் அவருக்குப் பேருதவியாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நீ பலகையை வெறுப்பதற்கும் நியாயம் இல்லாமலில்லை. நம்மவர் அச்சிடும் கருத்தரங்க அழைப்பிதழைப் பார்த்தால், கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி வீட்டார் பெயர் ஏதும் விட்டுப்போய்விடக் கூடாதே என்று அஞ்சுவதைப் போல, தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை என்று பெயர்களே பக்கத்தை நிறைத்திருக்கும். கருப்பொருளும், ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டிய கடைசி நாளும் கீழ்க் கோடியில் பொடியெழுத்தில் ஒடுங்கிக் கிடக்கும். நீ கீழிருந்து மேலாகப் படி. பொருள் குறுகியதாயும் கட்டுரைகளைத் தெரிந்தெடுப்போர் இன்னார் என்பது வெளிப்படையாயும் இருந்தால் போ. சங்க இலக்கியம் முதல் சினிமாப் பாட்டு வரை எதைப் பற்றியும் எழுதலாம், பதிவுக் கட்டணம் செலுத்தினால் நூலிலும் சேர்ப்போம் என்றிருந்தால் அங்கே போகாதே; அது ஆராய்ச்சியன்று, வியாபாரம்.

இரங்கற் குறிப்புகளையும் தள்ளிவிடாதே. தமிழ்க்கடல், ஆராய்ச்சிப் பேரறிஞர் என்று அடுக்கும் அடைமொழிகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மறைந்தவர் எதை முடிக்காமல் விட்டார், அவருடைய கையெழுத்துப் படிகள் யாரிடம் உள்ளன என்பதே பின்வருவோர்க்கு வேண்டுவது. உன் ஆய்வுப் பொருளே இதற்குச் சாட்சி. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த முதலியார் வீட்டு ஓலைகளைக் கண்டு படியெடுத்தார், அ.கா. பெருமாள் அவற்றை நூலாக வெளிக்கொணர்ந்ததோ மிகப் பிற்காலத்தில். இடைப்பட்ட அந்நெடுங்காலத்தில் நாஞ்சில் நாட்டுச் சரித்திரம் எழுதப் புகுந்த ஒருவனுக்கு, இவை இங்கே இருக்கின்றன என்று யாரேனும் வாய்விட்டுச் சொன்னாலன்றித் தெரிந்திருக்க மார்க்கம் ஏது?

ஆதலின், பிறர் செய்தியைப் படிப்பதோடு நில்லாமல் உன் செய்தியையும் நீயே வெளியிட வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஏற்ற ஆய்வேடுகளைச் சேமித்து வைக்கும் சோத்கங்கா என்னும் மின்களஞ்சியத்தில் உன் பொருளை ஒட்டியவற்றை முதலில் தேடிப் பார்த்துவிட்டு, பிறகு அரைப் பக்கத்துக்கு மிகாமல் ஓர் அறிவிப்பு எழுது. “தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைச் சேர்ந்த ஓலை ஆவணங்களிலிருந்து ஒற்றி, பாட்டம், கோட்டை முதலான சொற்களைத் தொகுத்து வருகிறேன், அச்சில் வந்த ஆவணங்களைப் படித்து முடித்தேன், வீடுகளில் மூல ஓலை வைத்திருப்போர் பார்வையிட அனுமதித்தால் அங்கேயே வந்து படித்துக்கொள்கிறேன், வெளியே எடுத்துச் செல்லேன்” என்ற அளவில் இருந்தால் போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே. நம் ஊரில் ஓலை வைத்திருக்கும் வீட்டார், கொடுத்தது திரும்பி வராது என்று அஞ்சுபவர்கள். உன் ஆய்வு நெறியாளரின் பெயரையும் துறையின் முகவரியையும் சேர். சொந்த வீட்டு முகவரி வேண்டாம்.

அதை உன் துறைக்கும், மாவட்டத்தின் மற்றக் கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கும், தஞ்சையில் ஓலைச்சுவடித் துறைக்கும், திருவனந்தபுரத்தில் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கும் அனுப்பு. நாஞ்சில் நாடு நெடுங்காலம் திருவிதாங்கூரோடு இருந்து 1956 நவம்பரில்தான் இப்பக்கம் சேர்ந்ததாகையால், பழைய காகிதங்களைத் தேடுகிறவர்கள் அந்த ஊரை மறக்கலாகாது. வரைவை முதலில் எனக்கு அனுப்பினால் பிழை பார்த்துத் தருகிறேன். வெள்ளிக்கிழமைத் தபாலில் சேர்த்தாயானால் திங்களன்று திருப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மாமா