சுத்துற தட்டா, சுத்தாத சிப்பா?



"லேப்டாப் ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் வட்டம்தான்டா சுத்துது!"

நம் கேன்டீனில் வாரம் ஒருமுறையாவது காதில் விழும் வசனம் இது. சொல்கிறவன் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய லேப்டாப். புதிது வாங்க வசதி இல்லை. அதே லேப்டாப்பில் ஒரே ஒரு பாகத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவது? வேகமாகச் சுற்றும் ஹார்ட் டிஸ்க்கா, அல்லது சுற்றவே சுற்றாத எஸ்.எஸ்.டி.யா? இந்தக் கேள்விக்கு நான் தேடிய பதிலை, சக மாணவன் என்ற உரிமையில், இம்மலரில் எழுதுகிறேன்.

என் கதை

எங்கள் ஊர் பாலவாக்கம். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறார். அம்மா மீன் விற்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். என்னிடம் உள்ள லேப்டாப், எதிர்வீட்டு அக்கா பிளஸ் டூ முடித்தபோது அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியது. கல்யாணமாகிப் போகும்போது, "நீயாவது இதை வெச்சுப் படிடா" என்று கொடுத்துவிட்டுப் போனார். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 5400 சுற்று. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் குறைந்த விலை லேப்டாப்புகளில் இதுதான் வழக்கம்.

ஆனால் இந்த ஆண்டு புராஜெக்ட் வேலை தொடங்கியதும் தாங்க முடியவில்லை. பட்டனை அழுத்தி, பிரவுசர் திறக்கும் வரை செல்போனில் நேரம் பார்த்தேன். 3 நிமிடம் 20 செகண்ட். ராத்திரி அப்பா கடலுக்குக் கிளம்பும் முன் விளக்கை அணைத்தாக வேண்டும். ஒரே அறை வீடு. எனக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பாதி, காத்திருப்பதிலேயே போனது.

அம்மா ஐஸ் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து 2,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். "யோசிச்சு வாங்கு" என்று மட்டும் சொன்னார். தப்பாக வாங்கினால் திரும்ப வாங்க வழியில்லை. அதனால்தான் முதலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே என்ன நடக்கிறது?

பாடப் புத்தகம் இதை வன்தட்டு என்கிறது. பொருத்தமான பெயர்தான். உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில், ஒரு கை முனையில் உள்ள ஹெட் மிதக்கும். ஒரு ஃபைலைப் படிக்க இரண்டு வேலை நடக்க வேண்டும்.

1. கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். லேப்டாப் டிஸ்க்கில் இதற்குச் சராசரியாக 12 மில்லி செகண்ட் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

2. தட்டு சுற்றி, வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வர வேண்டும். இதற்குச் சராசரியாக அரைச் சுற்று நேரம்.

5400 சுற்று டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி செகண்ட். அரைச் சுற்று 5.6. கையின் 12-ஐக் கூட்டினால் 17.6.

7200 சுற்று டிஸ்க்கில் அரைச் சுற்று 4.2. கையின் 12-ஐக் கூட்டினால் 16.2.

பார்த்தீர்களா நண்பர்களே! சுழற்சி வேகம் 33 சதவீதம் கூடியும், ஒரு துண்டை எடுக்கும் நேரம் சுமார் 8 சதவீதம்தான் குறைந்தது. காரணம், தட்டு வேகமாகச் சுற்றினாலும் கை நகரும் நேரம் அப்படியே இருக்கிறது.

எஸ்.எஸ்.டி.யில் கையும் இல்லை, தட்டும் இல்லை. நம் பென் டிரைவில் இருப்பது போன்ற ஃப்ளாஷ் மெமரி சிப்புகள்தான். சின்னச் சின்ன அறைகளில் எலக்ட்ரானைப் பிடித்து வைத்துத் தகவலைச் சேமிக்கிறது. எந்த அறையைக் கேட்டாலும் சுமார் 0.1 மில்லி செகண்டில் எடுத்துக் கொடுக்கும்.

கணினி பூட் ஆகும்போது ஒரே பெரிய ஃபைலைப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை டிஸ்க்கின் பல மூலைகளிலிருந்து பொறுக்குகிறது. கணக்குக்காக 5,000 துண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக என்று வைப்போம்.

5400 சுற்று டிஸ்க்: 88 செகண்ட்
7200 சுற்று டிஸ்க்: 81 செகண்ட்
எஸ்.எஸ்.டி.: அரை செகண்ட்

உண்மையில் பிராசஸருக்கும் வேலை இருப்பதால் அரை செகண்டில் பூட் ஆகிவிடாது. ஆனால் நேரம் எங்கே போகிறது என்று இந்தக் கணக்கு காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நூறு எடத்துல வலை போட்டிருந்தா, இன்ஜின் பெருசா இருந்து என்னடா பிரயோஜனம்? ஒவ்வொரு எடத்துலயும் நின்னு நின்னுதான எடுக்கணும்" என்றார். இத்தனை பக்கம் எழுதி நான் கண்டுபிடித்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பெரிய படம் ஒன்றைக் காப்பி பண்ணும்போது நிலைமை வேறு. அது ஒரே நேர் ஓட்டம். அங்கே 7200-க்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அதிலும் ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 100 எம்.பி. அளவில் கொடுத்தால், மூன்றாம் தலைமுறை சாட்டா இணைப்பில் எஸ்.எஸ்.டி. 500 எம்.பி.யைத் தாண்டும்.

கொஞ்சம் வரலாறு

முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துக்கள். நம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுதான்!

வேகம் வேண்டும் என்று சுழற்சியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 2003-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் 10,000 சுற்று கொண்ட ராப்டரைக் கொண்டுவந்தது. சர்வர்களுக்கு 15,000 சுற்று டிஸ்க்குகளும் வந்தன. சூடு, சத்தம், விலை மூன்றும் ஏறின.

மறுபக்கம், ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா 1980-களில் ஃப்ளாஷ் மெமரியை உருவாக்கினார். 1991-இல் சான்டிஸ்க் நிறுவனம், அன்று சன்டிஸ்க் என்ற பெயரில், 20 எம்.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைக் கொண்டுவந்தது. விலை சுமார் 1,000 டாலர். 2008-இல் இன்டெல் 80 ஜிபி கொண்ட எக்ஸ்25-எம் வெளியிட்டபோதும் சுமார் 600 டாலர். முழு டிஸ்க்கையும் எஸ்.எஸ்.டி.யாக வாங்கச் சாமானியனால் முடியாது. அதனால் பலரும் ஒரு யோசனை செய்தார்கள். விண்டோஸ் மட்டும் சின்ன எஸ்.எஸ்.டி.யில், படமும் பாட்டும் பெரிய ஹார்ட் டிஸ்க்கில். இதுதான் பூட் டிரைவ் என்ற வழக்கம். அன்று பணக்காரர் செய்த இந்த வேலையை, இன்று நாம் நம் பழைய லேப்டாப்பில் செய்யலாம்.

நம் ஊரிலும் இந்த மாற்றம் தெரிகிறது. 2011-இல் மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது கொடுத்தவற்றில் இருந்தது 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2025-இல் கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் கோரிய டெண்டரில் கேட்டது 256 ஜிபி எஸ்.எஸ்.டி. கொள்ளளவு குறைந்திருக்கிறது, ஆனால் லேப்டாப் முன்னேறியிருக்கிறது.

ரிச்சி தெருவில்

ஒரு சனிக்கிழமை திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். ஒரு கடையில் பழைய 7200 சுற்று, 1 டிபி டிஸ்க்கும் என் பணத்துக்குள் வந்தது. 240 ஜிபி புது எஸ்.எஸ்.டி.யும் வந்தது. ஒரே பணம்தான், ஆனால் டிஸ்க்கில் நாலு மடங்கு இடம்! மனசு ஆசைப்பட்டது உண்மை. கடைக்கார அண்ணன், "தம்பி, இடம் வேணுமா, நேரம் வேணுமா?" என்று கேட்டார். எனக்கு இரவில் இருப்பது ஒரு மணி நேரம். எஸ்.எஸ்.டி. வாங்கினேன். மீதிப் பணத்தில் பழைய டிஸ்க்கைப் போட ஒரு யூ.எஸ்.பி. கேஸ்.

நீங்கள் வாங்கப் போனால் கவனிக்க வேண்டியவை:

1. உங்கள் லேப்டாப்பில் 2.5 அங்குல சாட்டா இடம் உள்ளதா, எம்.2 ஸ்லாட் உள்ளதா என்று திறந்து பார்த்துவிட்டுப் போங்கள். எம்.2-விலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் வேலை செய்யாமல் போகலாம்.

2. பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். நம்ப முடியாத விலைக்கு 2 டிபி என்று சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே சின்ன சிப்பை வைத்துப் பெரிய அளவு காட்டும் போலிகள் உண்டு. முழு இடத்திலும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்க இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸில் எஃப்3 அப்படி ஒன்று.

3. 240 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 223 என்று காட்டும். பயப்பட வேண்டாம். கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது.

4. எஸ்.எஸ்.டி.யில் ஒரு அறையை இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற வரம்பு உண்டு. எல்லா அறையும் சமமாகத் தேயும்படி உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. மாணவர் உபயோகத்துக்கு அந்த வரம்பை எட்டுவது கஷ்டம். ஆனால் விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் காலியாக விடுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்வது போல டிஃப்ராக் செய்யத் தேவையில்லை.

மாற்றும் முறை

முதல் வேலை, முக்கியமான எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுப்பது. பிறகு லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். கழற்றிய ஸ்குரூக்களை ஒரு மூடியில் போட்டு வையுங்கள். நான் ஒன்றைத் தொலைத்து அரை மணி நேரம் தரையைத் தடவினேன். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே குளோன் செய்யலாம். நான் புதிதாகவே விண்டோஸ் போட்டேன். இணையம் இணைத்ததும் லைசென்ஸ் தானாக வந்துவிட்டது. நம்மைப் போன்றவர்கள் இதைத் தாராளமாகச் செய்யலாம், பயம் வேண்டாம்.

என்ன கிடைத்தது? என்ன கிடைக்கவில்லை?

அதே லேப்டாப், அதே செல்போன் கடிகாரம். 3 நிமிடம் 20 செகண்ட், 35 செகண்டாகக் குறைந்தது. என் வகுப்பு நண்பன் ஒருவன் இதே மாடலில் 7200 சுற்று டிஸ்க் போட்டிருக்கிறான். அவனுடையதில் 3 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கணக்கு சொன்னதையே கடிகாரமும் சொன்னது.

எல்லாம் பறக்கிறது என்று சொல்ல மாட்டேன். பெரிய டிராயிங்கைத் திருப்பும்போது இன்னும் திணறுகிறது. அது பிராசஸர், ராம் சம்பந்தப்பட்டது. பணம் சேர்ந்தால் அடுத்தது ராம்தான்.

ஒரு எச்சரிக்கை

ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டோ, மெதுவாகியோ நமக்குச் சொல்லும். எஸ்.எஸ்.டி. பல நேரம் சொல்லாமலே போய்விடும். எனக்குத் தெரிந்த சீனியர் அண்ணன் ஒருவருக்கு, புராஜெக்ட் கொடுக்க நாலு நாள் இருக்கும்போது அப்படித்தான் ஆனது. காலையில் லேப்டாப் டிஸ்க்கையே காணோம் என்றது. காப்பி எங்கும் இல்லை. நாலு நாளும் தூங்காமல் முதலிலிருந்து டைப் செய்தார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். அதன் ஆரோக்கியத்தை ஒரு இலவச மென்பொருளில் சோதித்துவிட்டு, யூ.எஸ்.பி. கேஸில் போட்டு வாரம் ஒருமுறை காப்பி எடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுக்கிறேன். அந்த டிஸ்க்கில் என் புராஜெக்ட்டோடு, தாத்தாவின் நாலே நாலு போட்டோவும் இருக்கின்றன. அவர் இறந்துவிட்டார். அவை இப்போது இரண்டு இடத்தில் பத்திரமாக உள்ளன.

முடிவுரை

சுருக்கமாகச் சொன்னால்: பூட் ஆக, மென்பொருள் திறக்க, சின்னதானாலும் எஸ்.எஸ்.டி. நிறைய சேர்த்து வைக்க, காப்பி எடுக்க ஹார்ட் டிஸ்க். பழைய லேப்டாப்பை வேகமாக்க 7200 சுற்று டிஸ்க்குக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது அப்பா கிளம்பும் முன் என் வேலை முடிந்துவிடுகிறது. ஐஸ் பணத்தை அம்மாவிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டால், "மொதல்ல படிச்சு முடி" என்கிறார். இக்கட்டுரையைப் படித்து யாராவது ஒருவர் தன் 2,000 ரூபாயைச் சரியாகச் செலவு செய்தால், அம்மாவின் பணத்துக்கு அது ஒரு சிறு வட்டி என்று மகிழ்வேன்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல்