யாரை விட்டுவிட்டுப் போகிறோம்?
வெளிநாட்டுப் பள்ளிக்கூடப் பரிமாற்றம் கற்றுத்தரும் பாடம்



பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்று அறிவித்தால் எல்லாப் பிள்ளைகளும் பெயர் கொடுப்பதில்லை. கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை வாப்பாவிடம் கேட்காமலே இருந்துவிடும். நடக்க முடியாத பிள்ளையிடம், "உனக்குச் சிரமமாக இருக்கும்மா" என்று அன்பாகவே சொல்லி நிறுத்திவிடுவார்கள். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளையை அனுப்ப உம்மாவுக்குப் பயம்.

பக்கத்து ஊருக்குப் போவதிலேயே இப்படி என்றால், வேறு நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் திட்டத்தில் யார் போவார்கள், யார் நிற்பார்கள்? இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் விதியாகவே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் விமானம் ஏறாவிட்டாலும் அதில் நமக்குப் பாடம் உண்டு.

1. பரிமாற்றம் நடப்பது எப்படி?

ஐரோப்பாவில் பல்கலைக்கழக மாணவர்கள் வேறு நாட்டில் சில மாதங்கள் படித்துவர 1987-ல் 'எராஸ்மஸ்' திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளிக்கூடங்களுக்கு 'கொமேனியஸ்' என்ற திட்டம் 1995-ல் வந்தது. 2014 முதல் இவையெல்லாம் 'எராஸ்மஸ் பிளஸ்' என்ற ஒரே திட்டத்துக்குள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளோடு, அதில் உறுப்பினராக இல்லாத நார்வே, செர்பியா, துருக்கி போன்ற நாடுகளும் இதில் இருக்கின்றன. துருக்கி 2004 முதல் முழுப் பங்காளி.

இரண்டு மூன்று நாட்டுப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்ளும். உணவு, விளையாட்டு, மனநலம், மாணவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்து வதைப்பதைத் தடுத்தல் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆசிரியர்களுடன் ஒரு குழு 2 நாள் முதல் 30 நாள் வரை மற்ற நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும். பயணம் போகாதவர்களும் தங்கள் வகுப்பிலிருந்தே இணையம் வழியாகச் சேர்ந்து வேலை செய்ய 2005 முதல் 'ஈட்வின்னிங்' என்ற ஏற்பாடு உண்டு.

2. உடல்நலம்: புத்தியும் வேண்டும், வசதியும் வேண்டும்

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைப் பிள்ளைகளிடம் சொல்வது எளிது. ஆனால் விளையாட்டு நேரத்தையே கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டால் பிள்ளை எங்கே ஓடும்? கேண்டீனில் குளிர்பானம் மட்டும் விற்றுக்கொண்டு, சர்க்கரையைக் குறைத்துக்கொள் என்று பாடம் நடத்தி என்ன பயன்?

வேறொரு பள்ளிக்கூடத்தை நேரில் பார்க்கும்போது இது சட்டென்று புரியும். பின்லாந்தில் 1948 முதல் எல்லா மாணவர்களுக்கும் மதிய உணவு இலவசம். ஏழை, பணக்காரர் என்று தனி வரிசை கிடையாது. அதைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள், "நம் பள்ளிக்கூடத்தில் ஏன் இப்படி இல்லை?" என்று கேட்கத் தொடங்குவார்கள். அந்தக் கேள்விதான் பரிமாற்றத்தின் முதல் லாபம்.

1992-ல் உலக சுகாதார நிறுவனம், ஐரோப்பிய மன்றம், ஐரோப்பிய ஆணையம் ஆகிய மூன்றும் சேர்ந்து உடல்நலம் பேணும் பள்ளிக்கூடங்களுக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. பாடப்புத்தகம் மட்டும் போதாது. பள்ளிக்கூடத்தின் விதிகள், கட்டடம், மாணவர்களும் ஆசிரியர்களும் பழகும் விதம், பெற்றோர் தொடர்பு, மருத்துவ உதவி எல்லாம் சேர்ந்தால்தான் உடல்நலம் என்பது அதன் அணுகுமுறை.

3. எல்லோரையும் சேர்த்துக்கொள்வது

இத்தாலி 1977-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான தனி வகுப்புகள் நீக்கப்பட்டு, அவர்கள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். துணை ஆசிரியரும் அந்த வகுப்புக்கே வந்தார். அப்படியொரு வகுப்பில் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வரும் ஆசிரியர், "இதெல்லாம் நடக்காத காரியம்" என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்.

எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் உடற்குறைபாடு, நோய், வறுமை, ஒதுக்கிவைக்கப்படுதல், எட்டாத ஊரில் வசித்தல் போன்ற காரணங்களால் 'வாய்ப்புக் குறைந்தவர்கள்' என்று ஒரு பிரிவு உண்டு. அவர்கள் கலந்துகொள்ள ஆகும் கூடுதல் செலவையும், உடன் செல்லும் உதவியாளரின் செலவையும் ஒப்புதல் பெற்றபின் முழுமையாகத் திட்டமே ஏற்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். துருக்கியிலிருந்து பத்து மாணவர்கள் இத்தாலிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

• ஒருவன் சக்கர நாற்காலியில் வருபவன். ஆசிரியர் முன்கூட்டியே போய்க் கதவின் அகலம், கழிப்பறை, பேருந்தில் ஏறும் வசதி எல்லாவற்றையும் பார்த்துவர வேண்டும். இந்த முன்பயணத்துக்கும் திட்டத்தில் இடமுண்டு.

• ஒருத்தி இன்சுலின் போட்டுக்கொள்பவள். மருத்துவர் கடிதம் வேண்டும். மருந்தைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை இறங்கினால் வியர்வை, நடுக்கம், பசி வரும், உடனே சர்க்கரையோ பழச்சாறோ கொடுக்க வேண்டும் என்று தங்கும் வீட்டாருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

• உணவில் ஹலால் எது, ஹராம் எது என்று முன்பே எழுதி அனுப்ப வேண்டும். தொழுகை நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் பிள்ளை பட்டினி கிடக்கும், வீட்டாருக்கும் சங்கடம்.

இவற்றில் எதுவும் பெரிய வித்தை இல்லை. முன்யோசனையும் கொஞ்சம் உழைப்பும் இருந்தால் போதும். "இந்தப் பிள்ளையால் முடியாது" என்று நாம் சொல்வது பெரும்பாலும், "நாம் இன்னும் ஏற்பாடு செய்யவில்லை" என்பதுதான்.

4. விதி இருந்தும் தவறும் இடம்

கூடுதல் பணத்தைப் பள்ளிக்கூடம் விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர், முதல் மார்க் வாங்குகிறவர் என்று மட்டும் பார்த்துப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பணத்தைக் கேட்கவேண்டிய பிள்ளை பட்டியலுக்கே வராது. போய்வந்தவர்கள் படங்களைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாலும் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் மாறாது. திரும்பிவந்த மறுவாரம் ஒரு சாய்தளமோ, விளையாட்டு நேரமோ, குடிநீர்க் குழாயோ கூடியிருக்க வேண்டும்.

5. நாம் செய்யக்கூடியது

இதற்கு வெளிநாடு போகத் தேவையில்லை. ஒரே ஊரில் உள்ள இரண்டு பள்ளிக்கூடங்கள் ஒருநாள் மாணவர்களை மாற்றிக்கொள்ளலாம். மதரஸாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, விளையாட்டிலும் மற்ற நிகழ்ச்சிகளிலும் சமவாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாம் கேட்பது உரிமை. யாரும் போடும் தயவு இல்லை.

வீட்டில் கலந்துபேச:

1. நம் பிள்ளையின் வகுப்பில் சென்ற சுற்றுலாவுக்கு வராமல் நின்றவர் யார்? ஏன்?
2. உடல்நலம் குறைந்த பிள்ளை நம் வீட்டில் இருந்தால், அதன் தேவைகளை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோமா?
3. வேறு மார்க்கத்துப் பிள்ளை நம் வீட்டில் ஒரு வாரம் தங்கினால், முதல் நாளே அதனிடம் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்வோம்?
4. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு ஏற்பாட்டை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவோம்? அதை யாரிடம், எப்போது போய்ச் சொல்வோம்?