எல்லாம் ஒரே கொக்கா?

கேள்வி: மாட்டுக்குப் பின்னால் திரியும் வெள்ளைக் கொக்கும் ஏரியில் நிற்கும் கொக்கும் ஒன்றுதானா?
– ஒரு வாசகர், மதுராந்தகம்

பதில்: இல்லை. மாட்டோடு திரிவது உண்ணிக்கொக்கு. மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து. பெயரைப் பார்த்து உண்ணி பொறுக்கித்தான் பிழைக்கிறது என்று நினைக்க வேண்டாம்; மாட்டின் குளம்பு பட்டுத் துள்ளும் வெட்டுக்கிளிதான் அதன் முக்கியத் தீனி. மாடு இல்லாவிட்டால் டிராக்டரின் பின்னாலும் போகும். இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகு ஆரஞ்சு நிறமாகிவிடும்.

தண்ணீரில் நிற்பவற்றில் சின்னக் கொக்கை அடையாளம் காண்பது சுலபம்: அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் பளிச்சென்று மஞ்சள். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு காலை நீட்டிச் சேற்றை நடுங்க நடுங்கக் கலக்கும். மீனோ தவளைக்குஞ்சோ மிரண்டு வெளியே வந்ததும் ஒரே கொத்து. ஆடாமல் காத்திருப்பது மட்டுமே கொக்கின் வேலை என்பவர்கள் இதைப் பார்த்ததில்லை.

பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னே போகும். இடைக்கொக்குக்குக் கண்ணோடு நின்றுவிடும். தொலைநோக்கி இல்லாமல் இது கொஞ்சம் கஷ்டம்தான். இன்னொரு ஏமாற்றுக்காரர் மடையான்: வரப்பில் உட்கார்ந்தால் மண் நிறம், பறந்தால் வெள்ளைச் சிறகு.

பறக்கும்போது கழுத்தை மடக்கினால் கொக்கு, நீட்டினால் நாரை. வேடந்தாங்கல் உங்களுக்குப் பக்கம்தான். ஏரியில் தண்ணீர் இருந்தால் டிசம்பர், ஜனவரியில் மாலை 4 மணிக்கு மேல் போங்கள், இவற்றில் பெரும்பாலானவற்றைக் கூடுகளோடு பார்க்கலாம்.