பசுவின் ஏப்பமும் கோழியின் குடலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

விருந்துண்டவர் விடும் ஏப்பம் வயிறு நிறைந்ததற்கு அடையாளம் என்பர். பசுவுக்கோ ஏப்பம் உயிர் காக்கும் செயலாகும். அது தடைப்பட்டால் சில மணி நேரத்தில் பசு இறந்துவிடவும் கூடும். இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

வாயு பிறக்கும் விதம்

புல்லிலும் வைக்கோலிலும் மிகுந்துள்ள செல்லுலோஸைச் செரிக்கும் நொதி பசுவின் உடலில் சுரப்பதில்லை. அப்பணியை நுண்ணுயிர்களே செய்கின்றன. பசுவின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் முதலாவதான ரூமென் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடியது. இங்கு பாக்டீரியாக்கள், புரோட்டோசோவாக்கள், பூஞ்சைகள் ஆகியவை தீவனத்தை நொதிக்கச் செய்கின்றன. இதனால் விளையும் அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களே பசுவுக்கு ஆற்றல் தருகின்றன. உடன் தோன்றும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் மீத்தேனாக மாற்றுகின்றன. 1776இல் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா ஏரிச் சேற்றிலிருந்து திரட்டிய வாயுவும் இதுவே.

வளர்ந்த பசு நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை மீத்தேனை வெளியிடுகிறது. இது பின்வழியே செல்வதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியாகவே வெளியேறுகிறது.

வயிறு உப்புசம்

குதிரை மசால் போன்ற இளம் பயறுவகைத் தீவனத்தை மிகுதியாகத் தின்றால் வாயு நுரையாகி ரூமெனில் தங்கிவிடும். உணவுக்குழாயில் ஏதேனும் அடைத்துக்கொண்டாலும் வாயு வெளியேறாது. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் பொங்கலையும் சோற்றையும் அளவின்றி ஊட்டுவதும் ஆபத்தே. மாவுப்பொருள் விரைந்து நொதித்து லாக்டிக் அமிலம் பெருக, ரூமெனின் அசைவு நின்றுவிடுகிறது.

அப்போது இடப்பக்க வயிறு புடைக்கும், பசு அசைபோடாது, மூச்சுத் திணறும். உப்பிய வயிறு நுரையீரலை நெருக்குவதே மரணத்திற்குக் காரணம். நுரையை உடைக்கத் தாவர எண்ணெய் உதவும். ஆயினும் நாக்கைப் பிடித்திழுத்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். முற்றிய நிலையில் கால்நடை மருத்துவர் விலாவில் துளையிட்டுக் குழல் வழியே வாயுவை வெளியேற்றுவார். தாமஸ் ஹார்டி 1874இல் வெளியிட்ட ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் க்ரௌட்’ நாவலில் கேப்ரியல் ஓக் ஆடுகளைக் காப்பாற்றுவது இம்முறையில்தான் என்பதை ஆங்கில இலக்கிய மாணவர்கள் அறிவர்.

கோழியும் குதிரையும்

கோழியின் தீனி தீனிப்பையில் ஊறி, அரைவைப்பையில் அரைபட்டு, சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடுகிறது. நொதித்தல் பெரும்பாலும் குடலின் பிற்பகுதியிலுள்ள இரு முட்டுப்பைகளில் நிகழ்கிறது. மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா அங்கும் உண்டு. அளவு சிறிதாதலால் பசுவைப் போல் கோழி உப்புவதில்லை. சோயாவிலுள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி கோழிக்கும் இல்லை, நமக்கும் இல்லை. அவை குடல் பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகின்றன.

குதிரைக்கும் பெருங்குடல் பகுதியிலேயே நொதித்தல் நடைபெறுகிறது. அங்கு வாயு தேங்கினால் கடும் வயிற்றுவலி உண்டாகும்.

முடிவுரை

தீவன ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாகக் காற்றில் கலக்கிறது. இது உழவருக்கு இழப்பு. புவி வெப்பம் உயரவும் காரணம். மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்ப்பொருள் ஒன்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அனுமதி வழங்கியது. எனினும் ஒரே பசுவை நம்பி வாழும் குடும்பத்திற்கு முதற்தேவை, உப்புசத்தின் அறிகுறியை உரிய நேரத்தில் அறிவதே. வகுப்பில் நாம் படிக்கும் இரைப்பைப் படம் மாட்டுத்தொழுவத்தையும் சென்றடையுமானால் கல்வி பயன்பெற்றதாகும்.