பணிவாய்ப்புக் கடிதத்துக்கு மறுமொழி எழுதும் முறை

இன்ன பதவி, இன்ன சம்பளம், இன்ன நாளில் சேர வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் வைத்து ஒரு நிறுவனம் விண்ணப்பதாரருக்கு அனுப்பும் முன்மொழிவே பணிவாய்ப்புக் கடிதம். அலுவலக வழக்கில் இதற்கு ஆஃபர் லெட்டர் என்று பெயர். நேர்முகத் தேர்வுக்கு மாதக்கணக்கில் தயாராகிறவர்கள்கூட, கடிதம் வந்த மகிழ்ச்சியில் ஒற்றை வரியில் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டு, முதல் மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறும்போதுதான் தாம் எதற்குச் சம்மதித்தோம் என்பதை அறிகின்றனர். ஏற்கும் மடலைவிடவும் மறுக்கும் மடலைவிடவும் கவனம் கோருவது, அவற்றுக்கு முன்னால் எழுத வேண்டிய விளக்கம் கேட்கும் மடலே ஆகும்.

கடிதம் வந்த அன்றே, அது கிடைத்தது என்றும் இன்ன தேதிக்குள் பதில் தரப்படும் என்றும் இரண்டு வரி எழுதிவிட வேண்டும். கடிதத்தில் கெடு குறிக்கப்படாவிட்டால் மூன்று நாள் போதும். ஒரு வாரத்துக்கு மேல் இழுப்பது முறையன்று. மனிதவளத் துறையினர் தொலைபேசியில் தேர்வாகிவிட்டதாகச் சொல்வது வெறும் செய்திதான்; அதை நம்பி, இருக்கும் வேலையை விடுவதைப் போன்ற பிழை வேறில்லை. வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரிலாவது பணம் கேட்கும் கடிதத்துக்குப் பதிலே தேவையில்லை.

அடுத்து, சம்பளப் பட்டியலைப் பிரித்துப் படிக்க வேண்டும். சிடிசி என வழங்கும் ஆண்டுத் தொகை, ஒரு பணியாளருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத்தைக் குறிப்பதால், கைக்கு வரும் சம்பளம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்ற கடிதத்தை எடுத்துக்கொண்டு, அதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000 என்று கொண்டால் கணக்கு இவ்வாறு அமையும். செயல்திறன் ஊதியம் 60,000. வருங்கால வைப்பு நிதியில் நிறுவனத்தின் பங்கு, 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி மாதம் 1,800 வீதம் 21,600. பணிக்கொடைக்கான ஒதுக்கீடு ஏறத்தாழ 14,400. மருத்துவக் காப்பீட்டுக்கு 6,000. இவற்றைக் கழித்தால் மாதம் 41,500 அளவில் நிற்கும். அதிலிருந்து பணியாளரின் வைப்பு நிதிப் பங்கான 1,800 ரூபாயும், தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிடிக்கப்படும் தொழில்வரியும் போக, ஏறத்தாழ 39,500 கைக்கு வரும். ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 50,000 என்று வீட்டில் சொல்லி, அதை நம்பி வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் பலர்.

இவற்றுள் பணிக்கொடை என்பது, பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு விலகும்போது தரப்படும் தொகை. இரண்டு ஆண்டில் வேறிடம் போக எண்ணுகிறவர் அதைத் தம் சம்பளமாகக் கருதவே கூடாது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளைக் கூட்டிக் காட்டும் பழக்கமும் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி முதலிய ஊதியக் கூறுகள் மொத்தத்தில் பாதிக்குக் குறைந்தால், அந்தக் குறையைப் படிகளிலிருந்து எடுத்து ஊதியமாகவே கணக்கிட வேண்டும் என்கிறது. ஆதலால் கடிதத்தில் அந்த விகிதத்தைப் பார்ப்பது நல்லது.

பிறகு பாண்ட் எனப்படும் பணி ஒப்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இடையில் விலகினால் இவ்வளவு தொகை தருவேன் என்று எழுதிக்கொடுப்பதே பாண்ட். இத்தகைய ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடுவோர் மிகுதி. விஜயா வங்கி தொடர்பான வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே பாண்டில் உள்ள தொகையைக் கட்ட வேண்டி வரக்கூடிய தொகையாகவே எண்ணி முடிவெடுக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை நிறுவனத்தின் வசம் ஒப்படைக்கச் சொன்னால், சரிபார்க்கக் காட்டிவிட்டு நகல் மட்டும் கொடுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

இனி விளக்கம் கேட்கும் மடல். இதில் தடுமாறுவோரே அதிகம்; கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று அஞ்சிச் சிலர் எதையும் கேட்பதில்லை; வேறு சிலர் ஏற்பதாக எழுதி, அதே வரியில் சம்பளத்தைக் கூட்டச் சொல்கின்றனர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7ஆம் பிரிவில், ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 'ஏற்கிறேன், ஆனால் 50,000 கூட்டித் தந்தால்' என்பது அந்தப் பிரிவின்படி ஏற்பாகாது. அது விண்ணப்பதாரர் வைக்கும் எதிர்முன்மொழிவு, அதாவது நிறுவனம் ஏற்கவோ விடவோ கூடிய புதியதொரு பேச்சு. அதனால் பழைய முன்மொழிவு மறுக்கப்பட்டதாகவே கொள்ள இடமுண்டு. அதே செய்தியைக் கேள்வியாக எழுதினால் முன்மொழிவு அப்படியே நிற்கும். கடிதப்போக்குவரத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தாலும், கருத்தின் வரிசை பின்வருமாறு இருந்தால் போதும்:

'பணிவாய்ப்புக் கடிதம் கிடைத்தது; நன்றி. இப்பதவியில் சேர விருப்பம் உண்டு. கையெழுத்திடும் முன் மூன்று செய்திகளைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். ஆண்டுத் தொகையில் உள்ள செயல்திறன் ஊதியம் 60,000 ரூபாய் எந்த மாதத்தில், எந்த அளவுகோலின்படி வழங்கப்படும்? நேர்முகத்தின்போது பணியிடம் கோயம்புத்தூர் எனக் கூறப்பட்டது. கடிதத்தில் எந்தக் கிளையிலும் என்று உள்ளது. முதல் ஆண்டுக்குக் கோயம்புத்தூர் என்று குறிப்பிட இயலுமா? தற்போதைய பணியில் நோட்டீஸ் காலம் 60 நாள் ஆதலால், சேரும் தேதியை ஜூன் 15இலிருந்து ஜூலை 15க்கு மாற்றித் தர முடியுமா?'

மூன்று கேள்விக்கு மேல் போகக் கூடாது. பத்துக் கேள்விகள் அனுப்பினால் முக்கியமானது எது என்று படிப்பவருக்குத் தெரியாது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதானால் அதுவும் இந்த மூன்றில் ஒன்றாக, ஒரே முறை, குறிப்பிட்ட தொகையுடன் இருக்க வேண்டும். 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்பது மளிகைக் கடையில் பேசும் பேச்சு. கேட்பதற்கான காரணம் வேலையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும்: செய்துவந்த பொறுப்பு, கையில் உள்ள திறன், தற்போதைய சம்பளம். கல்விக்கடன், தங்கையின் கல்யாணம் ஆகியவை உண்மையான பாரங்களே ஆயினும் அவற்றை இம்மடலில் எழுதலாகாது. இல்லாத வேறு வாய்ப்பு இருப்பதாக எழுதுவதும் தற்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் சம்பளச் சீட்டு கேட்கப்படும்போது வெளிப்பட்டுவிடும்.

நேர்முகத்தில் வாய்மொழியாகத் தரப்பட்ட எந்த உறுதியும், எழுத்தில் வராதவரை இல்லை என்றே கொள்ள வேண்டும். மனிதவள அலுவலர் தொலைபேசியில் பதில் சொன்னால், பேசி முடித்த அரை மணி நேரத்துக்குள், பேசியதை நான்கு வரியில் எழுதி, சரிதானா என்று கேட்டு அவருக்கே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஐந்து நிமிடம். ஆறு மாதம் கழித்து அந்த அலுவலர் வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தாலும் அந்த மடல் இருக்கும்.

ஏற்பு மடல் சுருக்கமாக இருக்கலாம்: பதவி, திருத்தப்பட்ட ஆண்டுத் தொகை, பணியிடம், சேரும் தேதி ஆகிய நான்கையும் திரும்ப எழுதி, ஏற்பதாகச் சொல்லி, கையெழுத்திட்ட பிரதியை இணைத்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகே இருக்கும் வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டும். நோட்டீஸ் காலத்துக்குரிய சம்பளத்தைக் கட்டி முன்கூட்டியே விடுபடுவதானால், அதைப் புதிய நிறுவனம் தருமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மறுப்பு மடலுக்கு நன்றி ஒரு வரி, முடிவு ஒரு வரி. போகும் நிறுவனத்தின் பெயரோ சம்பளமோ வேண்டியதில்லை. ஏற்றுக்கொண்டு, சேரும் நாளன்று கைப்பேசியை அணைத்து வைப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. அந்த இடத்துக்குத் தேர்வுப் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவர் அழைப்பை எதிர்பார்த்து எங்கோ ஓர் ஊரில் காத்திருக்கலாம். ஆகையால் மறுப்பது என்று முடிவானால் அன்றைக்கே எழுதிவிட வேண்டும்.