பழுப்பும் வெளுப்பும்

அன்புள்ள முகிலனுக்கு,

நீ அனுப்பிய உன் பவளத் தொட்டிப் படங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். முதலில் அக்ரோபோரா பவளம் பழுப்பேறி நிற்கிறது, பாறையில் பச்சை முடிப்பாசி. அடுத்த படத்தில் பாசியைக் காணோம், பவளம் வெளிறிக்கிடக்கிறது. கடைசிப் படத்தில் மணலெங்கும் குமிழி கோத்த பழுப்புக் கோழை. "மூணு வியாதி, மூணுக்கும் மருந்து சொல்லுங்கண்ணா" என்று கேட்டிருக்கிறாய். இதில் ஒரு வியாதிக்குத்தான் நீ மருந்து போட்டாய். மற்ற இரண்டும் அந்த மருந்து பெற்ற பிள்ளைகள்.

பவளத்தின் தசைக்குள் நுண்பாசி குடியிருப்பது உனக்குத் தெரியும். வெளிச்சத்தில் அது சமைக்கும் சர்க்கரைதான் பவளத்தின் பெரும்பங்குச் சாப்பாடு. அதன் சொந்த நிறம் பழுப்பு. தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிஞ்சினால் அது பெருகும். வெளிச்சம் போதாவிட்டாலும், கிடைப்பதைப் பிடித்துக்கொள்ள நிறமியைக் கூட்டிக்கொள்ளும். நாம் காசு கொடுத்து வாங்குகிற நீலமும் ஊதாவும் பச்சையும் வேறு. அவை பவளம் தானே செய்கிற புரதங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் காளான் பவளம் டிஸ்கோசோமாவிலிருந்துதான் 1999-இல் மாஸ்கோ ஆய்வாளர்கள் சிவப்பாக ஒளிரும் புரதத்தை எடுத்தார்கள். இன்று உலகத்து உயிரியல் கூடங்களில் செல்லுக்கு அடையாளம் வைக்க அது பயன்படுகிறது. இந்தப் புரதங்களில் பல, வெளிச்சம் ஏற ஏறக் கூடுபவை. ஆகையால் பழுப்பைப் பார்த்தால் கேட்கவேண்டிய கேள்வி இரண்டு: சத்து மிஞ்சியதா, வெளிச்சம் குறைந்ததா? நீ இரண்டாவதைக் கேட்கவே இல்லை. அந்தப் பவளம் தொட்டியின் அடிமூலையில், பாறையின் நிழலில் இருந்தது. ஒரு சாண் மேலே ஏற்றி, சில வாரம் பொறுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

அதற்குப் பதில், சத்தை இறக்க, ஒரே வாரத்தில் பாஸ்பேட் உறிஞ்சும் ஜிஎஃப்ஓவைக் கொட்டினாய், வினிகர் ஊற்றத் தொடங்கினாய், ஸ்கிம்மரை முறுக்கிவிட்டாய், தீனியைப் பாதியாக்கினாய். "நைட்ரேட் 0, பாஸ்பேட் 0" என்று ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு சுழியங்கள்தான் உன் இரண்டாவது படம். வெளியே இருந்த பாசி செத்த அதே பட்டினியில் பவளத்துக்குள் இருந்த பாசியும் கிடந்தது. பாஸ்பேட் பஞ்சம் பவளத்தை எப்படி வெளுக்க வைக்கிறது என்பதை சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டியிருக்கிறார்கள்: நைட்ரேட் இருந்து பாஸ்பேட் இல்லாமல் போனால், சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்கும் தெம்பு பவளத்துக்குப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு ஆல்கலினிட்டியை 11 dKH-இல் வைத்திருக்கிறாய். கடல்நீரில் அது ஏறக்குறைய 7தான். சத்தில்லாத தண்ணீரில் ஆல்கலினிட்டி ஏறினால் அக்ரோபோராவின் நுனி கருகும். 8 பக்கம் மெதுவாக இறக்கு. எந்த எண்ணானாலும் அது ஆடாமல் நிற்பது முக்கியம்.

இன்னொன்று. பாறை முழுக்க முடிப்பாசி இருக்கையில் டெஸ்ட் கிட் சுழியம் காட்டினால் நம்பாதே. வருகிற சத்தையெல்லாம் பாசி தின்றுகொண்டிருக்கும், தண்ணீரில் மிச்சம் இருக்காது.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். உன்னை உண்மையிலேயே அலைக்கழிக்கப்போவது இதுதான். பார்த்தவுடன் சயனோ பாக்டீரியா என்று முடிவுகட்டி அதற்கு மருந்து வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய், புட்டியைத் திறக்காதே. சயனோ ஏடு ஏடாக உரியும், பெரும்பாலும் கருஞ்சிவப்பு. இது நூல் நூலாக, குமிழியோடு, பகலில் தடித்து விளக்கணைந்ததும் மெலிகிறது என்கிறாய். டைனோபிளாஜெல்லேட்டாகத்தான் இருக்கவேண்டும். ஊகத்தில் விடாதே. ஒரு சிட்டிகை உறிஞ்சி, சிறு புட்டியில் குலுக்கி, காபி வடிதாளில் வடிகட்டி, வடிந்த நீரை வெளிச்சத்தில் வை. ஒரு மணி நேரத்தில் மறுபடி திரண்டால் டைனோதான். அதோடு மலிவான மைக்ரோஸ்கோப் ஒன்று வாங்கு. நீ இதுவரை வாங்கிய புட்டிகளைவிட அது உனக்கு உதவும். ஆஸ்ட்ரியோப்சிஸ் என்றால் இரவில் தண்ணீரில் மிதக்க ஏறும், யூவி விளக்கில் மாட்டும். பெரிய செல் ஆம்ஃபிடினியம் மணலை விட்டு எழாது, யூவி வீண்செலவு. சிலிகேட் ஊற்றி டயாட்டத்தை வளர்த்து அதோடு போட்டிக்கு விடுவார்கள். எதுவானாலும் ஜிஎஃப்ஓவை எடுத்துவிடு, வினிகரை நிறுத்து, மீனுக்கு ஒழுங்காகத் தீனி போடு. நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05-லிருந்து 0.1 வரை நிற்கட்டும். கொஞ்ச நாளைக்குத் தண்ணீர் மாற்றாதே. நத்தைகள் சாகத் தொடங்கினால் அது டைனோவின் நச்சு. கரியைப் போட்டு அடிக்கடி மாற்று.

இடையில் முடிப்பாசி திரும்பி வரும். சத்து ஏறியதற்கு அது அடையாளம், சந்தோஷப்படு. கையால் பிடுங்கு, டர்போ நத்தையை விடு. இறகுபோல் கிளைத்திருந்தால் மட்டும் எனக்குச் சொல். அது பிரயாப்சிஸ், நத்தைகள் பெரும்பாலும் தொடாது, வேறு வைத்தியம் இருக்கிறது.

சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் உண்டு என்பதை மறந்துவிடாதே. உன் ஆர்ஓ கருவியின் கரிவடிகட்டி தேய்ந்தால் அது உள்ளே வரும். டிடிஎஸ் மீட்டர் சுழியம் காட்டுவது அதற்கு அத்தாட்சி ஆகாது.

பூச்சி விஷயத்தில் மட்டும் என் பொறுமைப் பாட்டைப் பாடமாட்டேன். அங்கே வாசலிலேயே மறிக்கவேண்டும். புதுப் பவளத்தைக் கடையின் நீல விளக்கில் பார்த்து வாங்காதே; அந்த வெளிச்சத்தில் எதுவும் ஜொலிக்கும், கடித்த வடு மறைந்துவிடும். கைபேசி டார்ச்சை அடித்துப் பார். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு ஏறக்குறைய பவளத்தின் நிறத்திலேயே ஒட்டியிருக்கும். பூச்சி மருந்து டிப்பில் முக்கினால் உதிரும். ஆனால் அடித்தண்டின் வெற்று எலும்பில் அது இட்ட முட்டைக்கு எந்த டிப்பும் உறைக்காது. பழைய தண்டை வெட்டி எறிந்துவிட்டு, தனித் தொட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை எனச் சில வாரங்கள் முக்கு. நாளை ஆசைப்பட்டு ஒரே ஒரு துண்டை நேரே உள்ளே வைத்தாயானால் எல்லா அக்ரோபோராவையும் பிடுங்கவேண்டி வரும்.

களைபோல் பரவும் ஐப்டேசியா அனிமோனைக் கத்தியால் சுரண்டாதே; விட்டுப்போன ஒவ்வொரு துணுக்கும் தனி ஐப்டேசியா ஆகும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடைக் கூழாகக் குழைத்து ஊசிக்குழலால் அதன் வாயில் வை. நாளுக்கு இரண்டு மூன்றுதான், இல்லையென்றால் பிஹெச் எகிறும். வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தான் என்று லிட்டில் இந்தியாவில் டப்பா வாங்கிவிடாதே. அதில் வேறென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யார் கண்டது. நிறைய இருந்தால் பெர்கியா நத்தை வாங்கு. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் அது தின்னாது, மெல்லத்தான் தின்னும்.

கடைசிப் படத்தின் ஓரத்தில் பழுப்பான, தடித்த பொத்தான்கள் நிறைந்த ஒரு பாறை தெரிகிறது. அது பாலித்தோவா. அந்தப் பாறையைச் சுத்தம் செய்யும் யோசனை இருந்தால் கேள்: பாலிடாக்சின் என்ற நஞ்சை 1971-இல் ஹவாயில் இந்த இனத்திலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். இப்படிப்பட்ட பாறையில் வெந்நீரை ஊற்றியோ வேகவைத்தோ, ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு. உன் வீடு அடுக்குமாடி, அம்மாவும் பாட்டியும் உன்னோடு இருக்கிறார்கள். வேகவைக்காதே, பிரஷ்ஷால் தேய்க்காதே, தொட்டிக்கு வெளியே எடுத்து வெட்டாதே. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே பாறையை மெதுவாக மூலைக்கு நகர்த்திவை. நான் சனிக்கிழமை வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்