அறுவைக்குப் பின் நாயின் ஈறு அறிவிக்கும் அபாயம்

தறிக்கூடத்துக்கும் தோட்டத்துக்கும் காவலாயிருக்கும் பெண் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்விக்கும் அங்கத்தினர் உளர். அது வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூற்பைகளையும் அகற்றும் பெரிய சிகிச்சையாகும். மருத்துவர் நாயை ஒப்படைத்த பின்னர் அதனைக் கண்காணிக்கும் பொறுப்பு வீட்டாரையே சாரும்.

அறுவை நாளன்று நாய் தள்ளாடுவதும், உறங்கிக்கொண்டேயிருப்பதும், உணவை மறுப்பதும் மயக்க மருந்தின் விளைவு, அஞ்ச வேண்டியதில்லை. மறுநாள் அது எழுந்து நடந்து, சிறுநீர் கழித்து, சிறிதேனும் உண்ணுதல் வேண்டும். சோர்வு கூடிக்கொண்டே போகுமாயின், மயக்கம் இன்னும் தெளியவில்லை போலும் என்று வாளாவிருத்தல் ஆகாது.

நம்மவர் தையலையே திரும்பத் திரும்பப் பார்க்கின்றனர். அங்கே இரத்தம் இல்லையெனில் நலமென்று எண்ணிவிடுகின்றனர். சூற்பையின் இரத்தக் குழாயில் இட்ட கட்டு நழுவினால் இரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். வெளியே ஒரு துளியும் தோன்றாதிருக்கக் கூடும். அதனை அறிவிப்பது ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். நலமுள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாயும் ஈரமாயும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். ஈறு சலவை நூல்போல் வெளுத்து, சிவப்புத் திரும்பத் தாமதமாகி, மூச்சு விரைந்து, வயிறு உப்பி, கால்கள் குளிர்ந்திருப்பின் உள்ளே இரத்தம் போகிறதென்று கொள்க. நள்ளிரவாயினும் விடியட்டுமென்று காத்திராமல் மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். சில நாய்களின் ஈறு இயல்பிலேயே கறுத்திருக்கும். அவற்றுக்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். அறுவைக்கு முன்பே ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் பின்னர் ஒப்பிட உதவும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்ஹீட் டிகிரி. நமக்குக் காய்ச்சலாகத் தோன்றும் அளவு அதற்கு இயல்பே. 103-க்கு மேல் நீடித்தாலும், 99-க்குக் கீழ் இறங்கினாலும் கவலைக்குரியது. நாம் உண்ணும் வலி மாத்திரைகளை அதற்குக் கொடுத்தல் கூடாது. இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தையலோரம் முதல் சில நாட்கள் சிறிது சிவந்து தடித்திருக்கும். சீழ், துர்நாற்றம், தையல் விரிதல் ஆகியவை அவ்வாறு விடத்தக்கன அல்ல. நாய் நக்காதிருக்கக் கழுத்துக் கூம்பு அவசியம். அது நாய்க்குப் பிடிக்காதென்று இரங்கிக் கழற்றுவோரால்தான் பல தையல்கள் பிரிகின்றன. ஈ மொய்த்த புண்ணில் ஒரே நாளில் புழு வைத்துவிடுமாதலால், எருக்குழியருகே கட்டலாகாது. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றைப் பூசவும் வேண்டா. தையல் பிரிந்து குடல் தெரிந்தால் உள்ளே தள்ள முயலாமல், கொதித்து ஆறிய நீரில் நனைத்த தூய துணியால் வயிற்றைச் சுற்றி உடனே புறப்படுக.

தோலின் மேலிட்ட தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாட்களில் பிரிப்பர். அதுவரை குளிப்பாட்டுதலும், வரப்பு தாண்டி ஓடவிடுதலும் கூடா.